மூன்றாவது கோப்பையில் நான் சொன்னது

நீ என் பேச்சை வெட்டி விற்று, என் அக்காவின் காலுக்கு உலை வைத்தாய். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

நீ என் சித்தப்பா மகன். ஆலங்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறாய். கவர், சார்ஜர் தொங்குகிற கம்பிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் முடி வளரும் எண்ணெய், மூட்டு வலிப் பொடி, இப்போது என் முகம் ஒட்டிய தேயிலை டப்பா. என் அக்காவை அன்னவாசல் பக்கம் கட்டிக்கொடுத்தோம். ரொம்ப வருடமாகச் சர்க்கரை நோய். போன மாதம் வலது காலில் சுண்டு விரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். மிச்சக் கால் நிற்குமா என்று கேட்டால் டாக்டர், "பாப்போம்" என்கிறார். அந்தப் "பாப்போம்" எப்படி வந்தது என்று எழுதுகிறேன். நீயும் படி.

நான் சிங்கப்பூரில் பதினெட்டு வருடம் இருந்தேன். சீனாக்காரர் ஒருவரின் தேயிலைக் கிடங்கில் பெட்டி இறக்கினேன், ஏற்றினேன், அடுக்கினேன். படிப்பு வேலை இல்லை. ஆனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சரக்கு வந்தால் மூன்று பேர் குடித்துப் பார்த்து எழுத வேண்டும், அதில் ஒரு ஆள் கட்டாயம் கிடங்கிலிருந்து வர வேண்டும். விற்கிறவன் நாக்கு விற்பனைக்காகப் பொய் சொல்லும் என்பது முதலாளியின் கணக்கு. எனக்குச் சிகரெட் கிடையாது, வெற்றிலை கிடையாது, தண்ணியும் கிடையாது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். அப்படியே பதினைந்து வருடம் குடித்தேன். நாக்கு பழகிவிட்டது. அவ்வளவுதான். அதைப் பெருமையாக நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊருக்குத் திரும்பி இத்தனை வருடத்தில் அந்த நாக்கைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச நாக்கு எதற்கு? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது நீ வந்தாய். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அண்ணே, கூட்டாளி ஒருத்தன் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பியிருக்கான். பெட்டி பெட்டியா எடுக்கலாங்கிறான். இது நல்லதா, டூப்பா? நீங்க குடிச்சுப் பாத்துச் சொன்னாத்தான் எடுப்பேன்."

பிரித்தேன். வட்டமாக அமுக்கிய தேயிலை. யுன்னான் என்கிற சீன மலைநாட்டில் விளைவது. பூஏர் என்பார்கள். அதில் புளிக்கவைத்துக் கறுக்க விட்டது ஒரு வகை. அப்படி எதுவும் செய்யாமல் வாட்டி, காயவைத்து, ஆவி காட்டி அமுக்கி, வருடக் கணக்கில் தானாக முதிர விடுகிற பச்சை வகை இன்னொன்று. உன் கையில் இருந்தது பச்சை. முகர்ந்து பார்த்தேன். இரண்டு வருடம் கூட ஆகியிருக்காது. இளசு.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி, வரட்டி மாதிரில்ல இருக்கு! இதையா குடிக்கப் போறீங்க?"

"மதினி, இது சீனா வரட்டி. நம்ம ஊரு வரட்டிய அடுப்புல வைக்கலாம், இதைய ஷோகேஸ்ல வைக்கலாம்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் நீ உன் செல்போனை எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாய். "சும்மா ஒரு வீடியோ அண்ணே. வாங்குறவங்களுக்கு எப்படிப் போடுறதுன்னு காட்டணும்ல."

நான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன். எனக்கு ஆசை இருந்தது.

கடலை மூட்டை தைக்கிற கோணி ஊசியால் ஓரத்தில் குத்தி நெம்பினேன். பொடியாமல் அடுக்கடுக்காக வந்தது. சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மூடி போட்ட வெள்ளைக் கோப்பையில் ஒரு பிடி போட்டேன். நம் போர் தண்ணீரில் போட்டால் எந்தத் தேயிலையும் செத்துவிடும், அதனால் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஊற்றினேன். உடனே கீழே கொட்டினேன்.

"என்னண்ணே, எடுத்த எடுப்புலயே கொட்டுறீங்க!"

"இது இலைய எழுப்புறதுக்கு. குடிக்கிறதுக்கு இல்ல."

முதல் தண்ணீர், பத்து எண்ணுகிற நேரம் மட்டும். வைக்கோல் நிறம். காய்ந்த கடலைக் கொடி வாசம், அதில் ஒரு இழை புகை. வாயில் ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டாவதில் கசப்பு நாக்கின் நடுவில் வந்து உட்கார்ந்தது. நீ ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "அண்ணே, இதைய மனுசன் குடிப்பானா?" என்றாய். அந்த இடமும் வீடியோவில் இருந்தது. அதை நீ போடவில்லை.

மூன்றாவதில்தான் எல்லாம் வந்தது. முழுக் கசப்பு, கூடவே துவர்ப்பு. முந்திரிப் பழத்தைக் கடித்தால் தொண்டையைப் பிடிக்குமே, அப்படிப் பிடித்தது. பச்சைப் பூஏர் இளசாக இருந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும். கசப்பே இல்லையென்றால் அதில் முதிர்வதற்குச் சரக்கு இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்தக் கசப்பு நாக்கில் தங்கக் கூடாது. ஒரு நிமிடத்தில் விலகி, அடித்தொண்டையிலிருந்து இனிப்பு ஏற வேண்டும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி. ஏறியது. நெற்றியில் வேர்த்தது.

சொம்பில் சாய்ந்திருந்த போனைப் பார்த்துச் சொன்னேன். "நல்ல கசப்பு. இப்படித்தான் இருக்கணும். வேர்க்குது பாருங்க, ஒடம்பு லேசாகுது."

நான்காவதிலும் ஐந்தாவதிலும் கசப்பு இறங்கிக்கொண்டே வந்தது. வெயிலில் கிடந்து வாடிய கொய்யாவின் வாசம். ஆறாவதை ஊற்றும்போது சொன்னேன், தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "இது மருந்து கிருந்து இல்ல. ருசிக்குக் குடிக்கிறது. வெறும் வயித்துல குடிக்காதீங்க, வயித்தப் பிறாண்டும். கொதிக்க வைக்கவே கூடாது. சாப்பிட்டுட்டு, சின்னக் கப்புல, கொஞ்சமா. இல்லாட்டி பத்து வருசம் மூடி வச்சுட்டு அப்புறம் குடிங்க." எட்டாவதில் கரும்பு கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு இனிப்பு மட்டும் மிஞ்சியது. இலையைத் தட்டில் கொட்டி விரித்துக் காட்டினேன். காம்போடு முழு இலைகள், கிழிசல் இல்லை, ஆலிவ் காய் நிறம். நல்ல தேயிலை. டூப் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். தேயிலை மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீ வாங்கப் போகிற தேயிலைக்கு என் தலையாட்டல் போதும் என்று நினைத்தேன். உனக்கு என் வாய் வேண்டியிருந்தது.

நீ குழுவில் போட்ட அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை. நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் கண்ணீர் அஞ்சலியும் வந்து குவியும், நான் திறப்பதே இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கறம்பக்குடி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இறங்கும்போது, "நீங்கதானே கசப்பு டீ டாக்டரு? என் சம்சாரமும் குடிக்குது" என்று கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆள் மாற்றிப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே விசாரித்திருக்க வேண்டும். இது என் தப்பு.

அடுத்த வாரம் அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, அம்மாவுக்குக் கால்ல செருப்புக் கடிச்ச புண்ணு. ஆறவே மாட்டேங்குது. நாத்தம் எடுக்குது. இப்பக் காய்ச்சல் வேற. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

புதுக்கோட்டைக்குப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது. அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை.

"நிறுத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அதான் தம்பி சொன்ன டீத்தண்ணி குடிக்கிறேன்ல."

எனக்குப் புரியவில்லை. அவள் தன் மகளின் போனை வாங்கிக் காட்டினாள். நாற்பது நொடி. நான், நல்ல சட்டையில். "நல்ல கசப்பு. இப்படித்தான் இருக்கணும். வேர்க்குது பாருங்க, ஒடம்பு லேசாகுது." அவ்வளவுதான். கீழே எழுத்து ஓடியது: சிங்கப்பூரில் பதினெட்டு ஆண்டு தேயிலை ஆராய்ச்சி செய்தவர். சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு. காலையில் வெறும் வயிற்றில், இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும் வரை கொதிக்க வைத்துக் குடிக்கவும்.

நான் எதையெல்லாம் செய்யக் கூடாது என்றேனோ, அதையெல்லாம் என் முகத்துக்குக் கீழேயே எழுதியிருந்தாய்.

"ஒரு வார்த்தை எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லக்கா" என்றேன்.

"எதுக்குடா கேக்கணும்? ஒன் மூஞ்சி அதுல இருக்கு. ஒன் வாயி அதுல பேசுது. ஒங்கிட்டயே போன் போட்டு, நீ சொன்னது நெசந்தானான்னு கேப்பாகளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை.

"பாகக்கா தின்னாச் சக்கரை கொறையும்னு ஊரே சொல்லுது. வேப்பங்கொழுந்து, சிறியாநங்கை, எல்லாம் கசப்புத்தானே? இது அதுகளை விடப் பத்து மடங்கு கசந்துச்சு. அப்ப நல்லாக் கேக்கும்னுதானே நெனப்பேன். குடிச்சதும் வேர்த்துச்சு. தலை லேசாச்சு. நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

அக்கா முட்டாள் இல்லை. எங்கள் வீட்டில் கணக்கு வழக்குத் தெரிந்தவள் அவள்தான். நம் ஊரில் யாருக்கும் கசப்பு என்றால் மருந்து, மருந்து என்றால் கஷாயம், கஷாயம் என்றால் பாதியாக வற்ற வேண்டும், வெறும் வயிற்றில் விழ வேண்டும். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நான் கசப்பை ருசி என்று நினைத்துப் பாராட்டினேன். நீ அதை மருந்துச் சீட்டாக மாற்றினாய்.

விரல்களை எடுத்த மறுநாள் வீட்டுக்கு வந்தேன். நீ அன்றைக்கு விட்டுப்போன தேயிலையில் பாதி மிச்சம் இருந்தது. நீ எழுதியபடியே செய்தேன். விடிந்ததும், பல் தேய்த்த வாயோடு, இரண்டு டம்ளரை ஒன்றாக வற்றவைத்தேன். நிறம் பழைய எஞ்சின் ஆயில். கடலைக் கொடி வாசம் இல்லை, கொய்யா இல்லை. எட்டுத் தண்ணீரில் எட்டு விதமாக வந்ததெல்லாம் ஒரே டம்ளரில் கறுத்துக் கிடந்தது. குடித்தேன். கசப்பு விலகவில்லை. இனிப்பு ஏறவே இல்லை. பத்து மணிக்குள் வயிற்றில் கோழி கிளறுகிற மாதிரி இருந்தது. குளிர்ந்து வேர்த்தது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். உடம்பு லேசானது. ஆமாம். மயக்கம் வருகிற லேசு.

ஒரு நாள் எனக்கு இது. அவள் இரண்டு மாதத்துக்கு மேல் குடித்திருக்கிறாள், என்னை நம்பி.

மத்தியானம் உன் கடைக்கு வந்தேன். கடையில் இரண்டு பேர் போனுக்குக் கண்ணாடி ஒட்ட நின்றிருந்தார்கள். நீ என்னை உள்ளே கூப்பிட்டாய். நான் வாசலிலேயே நின்று கேட்டேன், எதற்கு வெட்டினாய் என்று.

"விளம்பரம்னா வெட்டத்தான்ணே செய்வாக. முழுசாப் போட்டா எவன் பாப்பான்? மாத்திரைய நிறுத்துன்னு நான் எங்கயாச்சும் எழுதியிருக்கேனா? காட்டுங்க பாப்போம்."

"ஒரே தீர்வுன்னு எழுதியிருக்கியேடா. ஒண்ணே தீர்வுன்னா மாத்திரை எதுக்கு?"

"ஒடம்பு லேசாகுதுன்னது நானா, நீங்களா? பொய்யா சொன்னீங்க?" பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னாய். "பொட்டி தூக்குன ஆள ஆராய்ச்சியாளர் ஆக்கி வச்சிருக்கேன். ஒரு நன்றி கூட இல்ல பாருங்க."

உன் சட்டையைப் பிடித்தேன். மறைக்கவில்லை. அவர்கள்தான் விலக்கினார்கள்.

சாயங்காலமே பெரியப்பா என் வீட்டுக்கு வந்துவிட்டார். நம் வகையறாவில் மூத்தவர். காப்பியைக் கூடத் தொடாமல் பேசினார்.

"மாசியில கொலசாமிக்குப் படைப்பு வருது. பங்காளிக எல்லாரும் ஒரே பானையில அரிசி போடணும். ரெண்டு பேரு மொகம் பாக்காம நின்னா சாமி ஏத்துக்காது. அவன வரச்சொல்றேன். உள்ளயே பேசி முடிச்சுக்குங்க. வெளிய போக வேணாம்."

"அக்கா கால் போகப் போகுது பெரியப்பா."

"அதுக்கு யாரு என்னப்பா செய்றது? அது கட்டிக் குடுத்த புள்ள. வேற வீட்டுக்குப் போனது. அதுக்காகப் பங்காளி ரெண்டுபடுறதா?"

அந்த நேரம் என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கேட்டாள். "அப்ப மாமா, அது பொறந்த வீட்டு ஆளு சொன்னான்னுதானே அந்தக் கருமத்தக் குடிச்சுச்சு? நம்புறதுக்கு மட்டும் பொறந்த வீடு, நியாயத்துக்கு இல்லையா?" பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அந்தப் பானையில் அக்காவுக்கு ஒரு பிடி அரிசி கிடையாது. கல்யாணம் ஆன அன்றோடு முடிந்துவிட்டது. எனக்கும் இத்தனை வருடம் அது உறைத்ததில்லை. வருடா வருடம் அரிசி போட்டுவிட்டு, பொங்கல் வாங்கித் தின்றுவிட்டு வந்தவன்தான் நானும். ஆக, உள்ளேயே பேசி முடிப்பது என்றால் என்ன? அவள் இல்லாத இடத்தில் அவள் காலைப் பற்றிப் பேசி, இரண்டு ஆண்கள் கை கொடுத்துக்கொள்வது. அதற்கு நான் வர மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே குழுவில் எழுதினேன். இது மருந்து இல்லை, யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று. குழுவை நடத்துகிறவன் நீ. பத்து நிமிடத்தில் என் செய்தியை அழித்தாய், என்னையும் நீக்கினாய். குழுவில் இருக்கிற அக்கா மகள் சொன்னாள், நீ அதன் பிறகு எழுதினாயாம்: "அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, மனக்கவலை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்." வீடியோ மட்டும் அப்படியே இருக்கிறது. டப்பாவில் என் முகமும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் புண்ணைத் தினமும் திறந்து சுத்தம் செய்கிறார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பாள். நேற்று கட்டுப் போட்டு முடிந்ததும் ஒன்று கேட்டாள். "எனக்குத்தான் இப்படி ஆச்சு. குடிக்கிற மத்தவுகளுக்கு யாருடா சொல்வா?"

கறம்பக்குடி பஸ்ஸில் என் கையைப் பிடித்துக் கும்பிட்டவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவி இன்றைக்குக் காலையிலும் வற்றவைத்துக் குடித்திருப்பார். மாத்திரை அட்டை எங்கேயோ மூலையில் கிடக்கும். நான் அந்தத் தடத்தில் நான்கு நாள் பஸ் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். அவரைக் காணவில்லை. நான் வீடு வீடாகப் போனாலும், மனம் சரியில்லாதவன் என்று நீ சொல்லி வைத்திருக்கிறாய்.

அதனால்தான் இதை எல்லோரும் படிக்க அச்சில் வரும்படி எழுதுகிறேன். கேட்கிறேன், பதில் சொல்.

ஆறாவது கோப்பையில் நான் பேசியதை ஏன் வெட்டினாய்? வெறும் வயிற்றில் என்று யாரைக் கேட்டு எழுதினாய்? உன் பெண்டாட்டிக்கும் சர்க்கரை இருக்கிறதே, அவளுக்கு இந்தத் தேயிலையில் ஒரு மடக்காவது கொடுத்தாயா? கொடுக்கவில்லை என்றால் ஏன்?

எனக்குத் தனியாகப் போன் செய்யாதே. பெரியப்பாவை அனுப்பாதே. நீ நடத்துகிற அதே குழுவில், உன் முகத்தைக் காட்டி, உன் வாயால், ஒரு நொடி கூட வெட்டாமல் சொல். நிறுத்தின மாத்திரையை இன்றைக்கே டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலில் சொல், மற்றதைப் பிறகு சொல். ஊர் பார்க்கட்டும். படுக்கையிலிருந்து என் அக்காவும் பார்க்கட்டும். சொல்.